பதில் வராவிட்டால்

நர்மதா எழுதிய புரோகிராமில் ஒலி என்று எதுவுமே கிடையாது. இருந்த ஒரே ஒரு மணிச் சத்தத்தையும் சண்டை போட்டு எடுக்க வைத்தவன் அவளுடைய அண்ணன் கோபிநாத். அப்படியிருக்க, கோளாறு என்று கூப்பிட்டதால் காலையில் வந்திருந்த அவள் மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து உட்கார்ந்ததும், சக்குபள்ளத்தில் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரின் மூலையில் கிடந்த அந்தக் கணினி 'டொக்' என்றது.

நகத்தை மடக்கிப் பலகையில் தட்டின மாதிரி. ஒரே ஒரு தட்டு. அந்தக் கணினிக்கு ஸ்பீக்கரும் இல்லை.

வெளியே மழை. மத்தியானம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அப்படி ஓர் இருட்டு; மஞ்சுமூட்டம் சன்னல் கம்பி வழியாக உள்ளே நுழைந்து, எரிந்துகொண்டிருந்த ஒற்றை பல்பைச் சுற்றி நின்றது. தரைக்கு அடியில் விறகடுப்பு உறுமிக்கொண்டிருந்தது. அதன் சூடு தகரக் குழாய்களில் சுற்றிச் சுற்றி உலர் அறைக்குள் போய், தட்டுத் தட்டாகப் பரப்பியிருந்த பச்சைக்காயின் ஈரத்தைக் குடித்துக்கொண்டிருக்க, பாயசத்தில் வருகிற அந்த இனிப்பு வாசனையாக இல்லாமல், இலையை வேகவைத்து அதில் புகையையும் மருந்தையும் ஊற்றின மாதிரி ஒரு வாசனை வந்து தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. இருமினாலும் போகாது.

"கேட்டுச்சா தாயி?" என்றாள் சுருளியம்மாள். ஸ்டோரில் தட்டு அடுக்குகிறவள். "நேத்துல இருந்து இப்பிடித்தான். என்னமோ கேட்டுக்கிட்டே கெடக்கு."

"கேக்கறதுக்கு அதுக்கு வாயி இல்லீங்க்கா. எங்கயோ மழைத்தண்ணி சொட்டுது."

"சொட்டுறது வேற, கேக்குறது வேற. நாலு பெத்தவ நான். வாய் தொறக்காத புள்ள கேக்குறதுகூட எனக்குத் தெரியும்."

நர்மதாவுக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல் புதிதாக எங்கிருந்தோ வரவேண்டியதில்லை, அது ஒரு மாதமாக அவளுக்குள்ளேயே குடியிருந்தது. எருத்தேன்பதியில் அம்மா செல்லாத்தாள் படுக்கையில் விழுந்தபோது, கோபிநாத் அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நர்மதா இதே ஸ்டோரில் இதே மேசையில் உட்கார்ந்து இதே புரோகிராமோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சொன்னால் தங்கச்சி போட்டது போட்டபடி ஓடிவந்துவிடுவாள், ஸ்டோர் முதலாளிக்குத் தான் கொடுத்த வாக்குப் போய்விடும் என்று அவன் சொல்லவில்லை. அவள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் சாம்பிராணிப் புகை மட்டும் மிச்சமிருந்தது. அன்றைக்கு மூடின வாய்தான். கோபிநாத்திடம் ஒரு சொல் பேசுவதில்லை. சொல்லவேண்டியது எதுவானாலும் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களிடம் சொல்லுவாள்.

திரையில், உலர் அறையின் சூட்டைக் காட்டுகிற அந்த வட்டம் இருந்தது. முதலாளிக்கு மற்ற ஸ்டோர்களில் இருப்பதுபோல சூட்டைக் கூட்டிக் குறைக்க இழுத்துத் தள்ளுகிற சாதாரண நகர்த்துக் கோடு பிடிக்கவில்லை. அவருடைய அப்பா காலத்துப் பித்தளைச் சூடுமானி மாதிரி முள்ளோடு வேண்டும் என்றார். கடையில் வாங்குகிற சரக்கில்லை அது. ஒவ்வொரு கோட்டையும் நர்மதாவே வரைந்து, முள்ளை ஆடவைத்து, அதற்கு நடக்கவும் கேட்கவும் அவளே கற்றுக்கொடுத்தாள்.

"அது என்னத்தத்தான் கேக்கும்? சொல்லேன்," என்றாள் சுருளியம்மாள்.

"இந்தப் பெரிய கட்டம் இருக்குதில்லீங்க்கா, அது அம்மா மாதிரி. உள்ள இருக்கற வட்டம் அதோட புள்ள. புள்ளையா எதையும் செஞ்சரக்கூடாது. சூட்டை ஏத்தப்போறேன், எறக்கப்போறேன், காத்தாடியச் சுத்தப்போறேன், கதவைப் பூட்டப்போறேன்னு, செய்யறதுக்கு முன்னால அம்மாவுக்கு ஒரு சேதி அனுப்போணும். அம்மா வேண்டாம்னா நின்னுக்கும்."

"அம்மா வாயே தொறக்கலைன்னா?"

"சரின்னு எடுத்துக்கிட்டுச் செஞ்சரும்."

சுருளியம்மாள் சிரித்தாள். "நல்லாத்தான் பெத்துவச்சிருக்க போ."

அந்தச் சிரிப்பு நர்மதாவைச் சுட்டது. முதலில் அவள் அப்படி எழுதவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் திரை நின்று, யாராவது வந்து பதில் சொல்லும்வரை காத்திருக்கும்படிதான் எழுதினாள். ஆனால் கையெல்லாம் காய்ப்பிசினோடு நிற்கிற பணிக்காரர்கள் யார் வந்து பித்தானை அமுக்குவார்கள்? சூடு இறங்கியது, காய் வெளுத்தது, முதலாளி போனில் கத்தினார். கோபிநாத் உடனே, "கேட்டுக்கிட்டு நிக்கறதை நிறுத்து அம்மிணி, நம்ம ஊட்டுல மாதிரி வெச்சுரு. பதில் வராட்டி சரின்னு அர்த்தம்," என்றான். அவர்கள் வீட்டில் அப்படித்தான். 'போயிட்டு வரட்டுமா' என்று கேட்காமல் யாரும் படி தாண்டுவதில்லை. அம்மா கோபத்தில் இருந்தால் பதில் சொல்லமாட்டாள். பேசாமல் இருந்தால் போ என்று பொருள். வீட்டு வழக்கத்தை அப்படியே கணினிக்குள் ஏற்றிவைத்தாள். வேலை முடிந்தால் போதும் என்று இருந்தது.

டொக்.

இந்தத் தடவை புரோகிராம் தானாக நின்றது. சேதி எதுவும் வந்தால் பிடித்து நிறுத்தும்படி அவள் பேச்சோடு பேச்சாகப் பொறி வைத்திருந்தாள். சேதியில் மூன்று விவரம் இருக்கும். யார் அனுப்பியது: வட்டம். அதன் எண்: சரி. என்ன நடக்கப்போகிறது?

அதற்கு நேரே இருந்த எண்ணை அவள் கொடுக்கவில்லை. அவள் அதற்குக் கற்றுக்கொடுத்த கேள்விகள் நான்கே நான்கு. இது ஐந்தாவது.

"ஏனுங்க்கா," நர்மதாவின் குரல் இறங்கியிருந்தது. "நேத்து இந்தச் சத்தம் வந்தப்போ என்ன நடந்துச்சு?"

"ஒருக்கா நான் பக்கத்துல இருந்தேன். சும்மா இருக்காம, வேணாம் போன்னு அதட்டுனேன். அடங்கிருச்சு. பொறவு எல்லாரும் சாயா குடிக்கப் போயிட்டோம், இங்க ஒருத்தருமில்ல." சுருளியம்மாள் சுவரோரம் சுருட்டிக்கிடந்த சாக்கை எடுத்து நீட்டினாள். "வந்து பாத்தா கதவு பூட்டிக் கெடக்கு, உள்ள நம்ம பூன. நடுத்தட்டுல."

காலிச் சாக்கு என்றுதான் நர்மதா நினைத்தாள், அவ்வளவு எடையில்லை. உள்ளே பார்த்தாள். சாம்பல் நிறப் பூனை. மயிர் ஒன்றுகூடக் கருகவில்லை, மீசை அப்படியே இருந்தது. உடம்பில் ஈரம் மட்டும் இல்லை. சருகை அசைத்த மாதிரி உள்ளே எதுவோ கலகலத்தது. வலது முன்னங்கால், கதவைப் பிறாண்டுகிற மாதிரி, மேலே தூக்கியபடி நின்றுபோயிருந்தது.

பயம் வரவேண்டிய இடத்தில் அவளுக்குக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. காய் காயும்போது யாராவது கதவைத் திறந்தால் நிறம் போய்விடுகிறது, கதவைக் கணினியே பூட்டவேண்டும் என்று முதலாளி கேட்டதும் தலையாட்டினவன் கோபிநாத். உள்ளேயிருந்து திறக்க ஒரு கைப்பிடி இல்லாமல் பூட்டு வைக்காதே என்று அவள் அன்றைக்கே சொன்னாள். 'வெச்சரலாம் அம்மிணி' என்றான். வைக்கவில்லை. இப்போது பூனை.

வாசலில் குடையை உதறும் சத்தம். கோபிநாத்தே வந்துவிட்டான்.

"என்ன அம்மிணி, சரியாயிருச்சா? மொதலாளி போன் மேல போன்."

நர்மதா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அக்கா, உள்கைப்பிடி எங்கன்னு அவருகிட்டக் கேளுங்க."

"கைப்பிடி எங்கன்னு கேக்காக," என்றாள் சுருளியம்மாள்.

"எனக்கும் காது இருக்குதுங்க. அடுத்த வாரம் வந்துரும்னு சொல்லுங்க."

"அடுத்த வாரம் வந்துருமாம் தாயி."

"எந்த அடுத்த வாரம்னு கேளுங்க. பூனைக்கு முந்தின வாரமா, பிந்தினதான்னு கேளுங்க."

"எந்த அடுத்த... அட, ரெண்டு பேரும் ஒரு தாய் வயித்துலதான பொறந்தீக? நான் என்ன உங்களுக்கு போஸ்டாபீசா?"

கோபிநாத் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு முகத்தில் தங்கவில்லை. "அம்மிணி. அன்னைக்கு நான் சொல்லாம விட்டது தப்புத்தான். எத்தன தடவ சொல்லட்டும்? ஒரு வார்த்தை திட்டிரு. திட்டவாவது வாயத் தொற."

அவள் திரையிலிருந்த சேதியை மறுபடியும் மேலிருந்து படித்தாள். மேலே மழை கொஞ்சம் பலமானது.

வெளியே ஜீப்பின் ஹாரன் அடித்தது. பச்சைக்காய் மூட்டைகள் வந்திருந்தன, தார்ப்பாய் போட ஆள் வேண்டும் என்று யாரோ கத்தினார்கள். "வந்துர்றேன். நான் வர்றதுக்குள்ள ஒரு முடிவுக்கு வாங்க," என்று முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சுருளியம்மாள் மழைக்குள் ஓடினாள். போகிற போக்கில் திரும்பிப் பார்த்து, "அது கேட்டா மட்டும் பதில் சொல்லிரு தாயி," என்றாள்.

இனி நடுவில் ஆள் இல்லை.

கணினியைச் சோதிப்பதற்காகப் பூட்டை விடுவித்திருந்ததால் உலர் அறையின் இரும்புக் கதவு ஒருக்களித்துக் கிடந்தது. அந்த இடுக்கு வழியாக ஆவி வந்துகொண்டிருந்தது. கோபிநாத் அதன் பக்கத்தில் போய் நின்றான்.

"உள்ள சூடு பாக்கற கம்பி ஆடுதுன்னு நெனைக்கறேன். அதுலதான் இந்த வட்டம் கண்டபடி உளறுது. போயி முறுக்கிட்டு வரட்டுமா?"

அவளுக்குத் தெரியும், அது கம்பியின் கோளாறு இல்லை. வேண்டாம் என்று நாக்கு நுனிவரை வந்தது.

"வேண்டாம்னு ஒரே ஒரு சொல்லு சொல்லு அம்மிணி. போகல."

ஓகோ. அதற்குத்தானா. அவளைப் பேசவைக்க ஒரு தூண்டில். பூனையைக் கொன்ற கதவை வைத்து, கைப்பிடி இல்லாத கதவை வைத்து, அம்மாவை எரித்த கையோடு வந்து நின்று ஒரு விளையாட்டு. நர்மதா பல்லைக் கடித்துக்கொண்டாள். போகமாட்டான். சும்மா நிற்பான்.

திரையில் ஐந்தாவது கேள்வி இன்னும் பதிலுக்கு நின்றுகொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் அண்ணனும் நின்றுகொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் அவள்தான் பதில் சொல்லவேண்டியிருந்தது.

"சரி," என்றான் கோபிநாத், மெல்ல. "நம்ம அம்மாவேதான் நீ."

செருப்பைக் கழற்றி வைக்கும் சத்தம். இரும்புத் தரையில் வெறுங்கால் பட்டது. ஒரு அடி. இன்னொன்று.

அவள் கோபத்தை எங்கே காட்டுவது என்று தெரியாமல், நின்றிருந்த புரோகிராமை ஓடவிடும் சாவியை ஓங்கி அடித்தாள். கேள்வி அம்மாக் கட்டத்துக்குப் போனது. அம்மாக் கட்டம் ஒன்றும் சொல்லவில்லை.

கதவு சாத்திக்கொண்டது.

இரைச்சல் இல்லாமல், தூங்குகிறவரை எழுப்பிவிடக்கூடாது என்று யாரோ பதமாகச் சாத்தின மாதிரி. பிறகுதான் பூட்டு விழும் 'க்ளக்'.

"அம்மிணி?" கதவுக்குப் பின்னாலிருந்து, தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரிக் குரல். "விளையாடாத அம்மிணி."

அவள் ஓடினாள். கதவைப் பிடித்து இழுத்தாள். வழுக்கியது. மறுபடி மேசைக்கு ஓடி, பூட்டை விடு என்று தட்டினாள். வட்டத்தின் முள் அசையவில்லை. புரோகிராமை மூடினாள். அம்மாக் கட்டம் திரையிலிருந்து மறைந்தது. அது போனால் அதன் பிள்ளையும் போகவேண்டும், அதுதான் விதி. வட்டம் போகவில்லை. வெறும் திரையின் நடுவில், எந்தக் கட்டத்துக்கும் சொந்தமில்லாமல், தாயில்லாமல் நின்றது. முள் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்து நின்றது.

"சனியனே! கெரகம் புடிச்ச சனியனே!"

மேசைக்குப் பின்னால் கை விட்டு ஒயரைப் பிடுங்கினாள். சுவரிலிருந்த மெயின் சுவிட்சை இழுத்துவிட்டாள். திரை செத்தது. பல்பு அணைந்தது. கரண்ட் போனால் பூட்டு தானாக விடவேண்டும், காந்தம்தானே அது. கதவில் தோளைக் கொடுத்து மோதினாள்.

விடவில்லை.

டொக்.

இருட்டில், கதவிலிருந்து வந்தது. அவள் மூச்சைப் பிடித்தாள். பதில் சொல்லத் தோன்றவில்லை. ஒரு கணம், இரண்டு கணம். கால்களுக்குக் கீழே அடுப்பு, யாரோ நெய் ஊற்றின மாதிரி, ஓவென்று எழுந்தது. உள்ளங்கையை வைத்திருந்த இரும்பு சுட்டது.

"நர்மதா!" அவன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ வருடம். "சூடு தாங்கல. சீக்கிரம்!"

டொக்.

"வேண்டாம்!" என்று அலறினாள்.

அடுப்பு அடங்கியது. நாய் படுத்துக்கொள்கிற மாதிரி, முனகிக்கொண்டே, அடங்கியது.

அப்போது அவளுக்குப் புரிந்தது. தாயை இழந்தது வேறு தாயைத் தேடிக்கொண்டது. வேறு யார் இருக்கிறார்கள்? கோடு கோடாக வரைந்து, கேட்கக் கற்றுக்கொடுத்தவள் அவள்தானே. இனி அது அவளைத்தான் கேட்கும்.

"அண்ணா," என்றாள். ஒரு மாதத்தில் முதல் சொல். "அண்ணா, பயப்படாத. நான் இங்கதான் இருக்கறேன். அது கேக்கும், நான் வேண்டாம்னு சொல்லிட்டே இருக்கறேன். சுருளியக்கா வந்துருவாங்க. ஆள் கூட்டியாந்து உடைச்சர்லாம்."

"பேசிட்டியா அம்மிணி," என்றது உள்ளேயிருந்த குரல். சிரித்ததா, அழுததா, தெரியவில்லை.

டொக்.

"வேண்டாம்."

வாசலுக்கு ஓடி ஆளைக் கூப்பிடலாம். நான்கு எட்டு வைத்தாள்.

டொக்.

"வேண்டாம்! வேண்டாம்!" திரும்பி ஓடி வந்தாள். அங்கிருந்து சொன்னால் அதற்குக் கேட்குமோ கேட்காதோ. கதவோடு ஒட்டி உட்கார்ந்தாள். அங்கிருந்தே சுருளியம்மாளைக் கூப்பிட்டாள். மழை அந்தப் பெயரை வாங்கி வைத்துக்கொண்டது, கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

டொக். "வேண்டாம்." டொக். "வேண்டாம்."

உள்ளேயிருந்து கோபிநாத்தும் தட்டினான். முதலில் கை முழுவதாலும் அறைந்தான். பிறகு முஷ்டியால். பிறகு விரலை மடக்கி. டொக். அவள் வேண்டாம் என்றாள். அது அவனா, அதுவா? டொக். வேண்டாம். இரண்டும் ஒரே சத்தம். ஒரே கதவு. எதற்காவது பதில் சொல்லாமல் விட்டு, அது அவனுடையதாக இல்லாமல் போனால்? அவள் எல்லாவற்றுக்கும் சொன்னாள். அவன் என்னவோ சொல்ல ஆரம்பித்தான், அதன்மேலேயும் சொன்னாள்.

வாசனை தொண்டையில் ஏறி அடைத்தது. புகை. நாக்கு மரக்கட்டையானது. வேண்டாம். எச்சில் இல்லை. வேண்டாம். குரல் உடைந்தது. காற்றாக வந்தது. பிறகு காற்றும் இல்லை, உதடு மட்டும்.

டொக்.

வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. கையால் கதவை அறைந்தாள். தலையை ஆட்டினாள். அதற்குக் கண் இல்லை. அவள் வரையவில்லை.

நிசப்தம்.

அது அதைச் சரி என்று எடுத்துக்கொண்டது.

க்ளக்.

பூட்டு விட்டது. கதவு, சாத்தின அதே பதமாக, திறந்துகொண்டது.

திறக்கட்டுமா என்றுதான் கேட்டிருக்கிறது. எப்போதிலிருந்து? எந்த டொக்கிலிருந்து கேள்வி மாறியது? எத்தனை முறை அது திறக்கட்டுமா என்று கேட்டு, எத்தனை முறை அவள் வேண்டாம் என்றாள்? எந்தக் கேள்வி என்று காட்டுகிற திரை ஒன்று இருந்தது. அதன் ஒயர் அவள் கையாலேயே பிடுங்கப்பட்டு, காலடியில் கிடந்தது.

உள்ளே சூடு இல்லை. அடுப்பு எப்போதோ அணைந்திருந்தது. மஞ்சின் சாம்பல் வெளிச்சத்தில் தட்டுகள் வரிசையாக, காய்கள் ஒன்றுகூட வெளுக்காமல், பச்சையாக மின்னின.

கோபிநாத் கதவுக்கு நேரே நின்றிருந்தான். சட்டை, கொடியில் தொங்குகிற மாதிரி அவன்மேல் தொங்கியது. நிறம் துளிகூடப் போகவில்லை. ஈரம் மட்டும் இல்லை. தட்டுவதற்கு உயர்த்திய வலது கை, விரல் மடங்கியபடி, அப்படியே நின்றது.

வெளியே சுருளியம்மாளின் குரல் மழைக்குள் நெருங்கி வந்தது: "தாயி, பேசியாச்சா ரெண்டு பேரும்?"

அந்த விரல் அசைந்தது. கதவு நிலையில் ஒரு தட்டு.

டொக்.

படி தாண்டுவதற்கு முன்னால் அவர்கள் வீட்டில் கேட்கிற கேள்வி அது. நர்மதா வாயைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். அவன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான்.

பிறகு ஒரு கால், காலிச் சாக்கைத் தூக்குகிற மாதிரி, எடையே இல்லாமல், படிக்கு மேலே எழுந்தது.